மாங்காயா புளியா என்று கேட்க நின்ற கொடுவா

அந்தக் காலத்தில் கொடுவா மீனுக்கு நிற்கத் தெரியாது. ஓடும், பாயும், திரும்பும், மறுபடி ஓடும். காலையில் ஆற்று முகத்தில் தலையைக் காட்டினால் மாலையில் எந்தக் கடலில் இருக்கிறதென்று அதற்கே தெரியாது. அப்போது மீனுக்கும் பறவைக்கும் நண்டுக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றுதான். ஆனாலும் கொடுவாவோடு பேசியவர் என்று ஒருவரும் இல்லை. "எப்படி இருக்கே?" என்று கேட்டு முடிப்பதற்குள் அது நாலு அலை தாண்டிப் போயிருக்கும். நின்று பேசாதவரோடு யாருக்கு என்ன சிநேகம் வரும்?

ஆறு கடலில் விழும் இடத்தில் ஒரு பட்டினம் இருந்தது. சந்தடியான பட்டினம். ஆற்றின் குறுக்கே மரத்தூண்கள் ஊன்றிய நீளமான ஒரு பாலம். பாலத்தின் இந்தப் பக்கம் ஆற்றுத் தெரு, அந்தப் பக்கம் கடல் தெரு. கடல் தெருக்காரர்களிடம் படகு இருந்தது. கொடுவா தின்ன வேண்டுமென்றால் அவர்கள்தான் துரத்திக்கொண்டு போக வேண்டும். பத்துத் தடவை துரத்தினால் ஒரு தடவை கிடைக்கும். ஆற்றுத் தெருக்காரர்களிடம் படகு கிடையாது. மூங்கில் கழியும் தூண்டில் முள்ளுமாகக் கரையில் நின்று கெண்டை, கெளுத்தி, மடவை என்று வந்ததைப் பிடித்து விற்றுப் பிழைத்தார்கள். கரையில் நின்று கொடுவா பிடித்ததாக யாராவது சொன்னால், அவரை உட்கார வைத்து மோர் கொடுப்பார்கள். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

ஆற்றுத் தெருவில் காத்தாயி என்று ஒருத்தி. தூண்டில் போடுவதில் கெட்டிக்காரி. வாய் அதைவிடக் கெட்டி. அவளுடைய ஒரே மகள் செண்பகத்தைக் கடல் தெருவில் நீலாயியின் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். நீலாயிக்கும் வாய் குறைச்சல் இல்லை. கல்யாணத்தில் பந்தியில் உப்பை இலையின் எந்த மூலையில் வைப்பது என்பதில் தொடங்கிய சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. அதற்காக இருவருக்கும் பகை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் சண்டை இல்லாவிட்டால், "ஏன், சம்பந்திக்கு உடம்பு சரியில்லையா?" என்று இருவருமே கேட்டு ஆள் அனுப்புவார்கள்.

செண்பகத்துக்கு மூன்றாம் மாதம். மசக்கை தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கஞ்சி வைத்தால் குமட்டியது. இட்லியைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். தயிர்ச்சோறு உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து, வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

"என்னதான்டி வேணும் உனக்கு? வாயைத் திறந்து சொல்லேன்!" என்றாள் காத்தாயி.

செண்பகம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "கொடுவாக் குழம்பு" என்றாள்.

"என்னது?"

"கொடுவாக் குழம்பும்மா. அதோட வாசனை மூக்குலயே நிக்குது. அது கிடைச்சா ரெண்டு கவளம் இறங்கும்னு தோணுது. வேற எதையும் கண்ணுல காட்டாதே."

கேட்டாளே ஒரு மகள்! ஆனி மாதத்துக் காற்று கடலைப் புரட்டிக்கொண்டிருந்தது. கடல் தெருப் படகுகள் எல்லாம் மணலில் கவிழ்ந்து கிடந்தன. விஷயம் தெரிந்து மருமகன் படகை இறக்கத்தான் செய்தான். முதல் அலையே அவனையும் படகையும் புரட்டிக் கரையில் போட்டது. முழங்கால் வீங்கி, எழுந்து நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டான். "பொண்டாட்டி மேல ஆசை இருக்கலாம், அதுக்காக அலை மேல ஏறுவியா?" என்று நீலாயி அவனைத் திட்டினாள். பிறகு தனியாகப் போய் அழுதாள்.

மருத்துவச்சி வந்து செண்பகத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். கையை உடனே விடவில்லை. வெளியே வந்து காத்தாயியிடம் மட்டும் சொன்னாள்: "இன்னும் ரெண்டொரு நாள் இப்படியே வெறும் வயித்தோட கிடந்தா தாயும் தாங்க மாட்டா, உள்ள இருக்கறதும் தாங்காது. அவ கேட்டதை எப்பாடு பட்டாவது கொண்டாந்து போடு."

காத்தாயி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. கழியைத் தோளில் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். படகு இல்லாவிட்டால் என்ன, கரை இருக்கிறது. இவ்வளவு நீளக் கரையில் கொடுவா ஒதுங்கும் இடம் ஒன்றாவது இருக்காதா?

இடம் சொல்வதற்குப் பட்டினத்தில் ஆள் பஞ்சமே இல்லை. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். தூண்டிலைக் கையால் தொட்டிராதவர்கள்தான் துல்லியமாக இடம் சொல்வார்கள். எண்ணெய் ஆட்டுகிறவர், "தண்ணி திரும்புற மூலையில போடு, வரிசையா விழும்" என்றார். எந்த மூலை என்று கேட்டதற்குக் கையை அந்தரத்தில் வட்டமாகச் சுழற்றிக் காட்டினார். பூ விற்கிறவளோ தன் மச்சான் ஒரு தடவை தாழம்புதருக்குப் பக்கத்தில் ஆள் உயர மீன் பிடித்ததாகச் சொன்னாள். எந்தத் தாழம்புதர்? அதை வெட்டிவிட்டார்களாம்.

மனிதரை நம்பிப் பயனில்லை என்று காத்தாயி மீன்கொத்தியிடம் போனாள்.

"கொடுவாவா?" என்றது மீன்கொத்தி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. "கீழே நின்னா ஒண்ணும் தெரியாது. உயரத்துல உட்காரணும். இந்தக் கிளைக்கு ஏறி வா."

காத்தாயி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். கிளை 'சடக்' என்றது. அடுத்த நொடி காத்தாயி சேற்றில் இருந்தாள். "ஐயோ, என் கிளை போச்சே! என் பாட்டன் உட்கார்ந்த கிளை!" என்று மீன்கொத்தி கத்திய கத்தல் ஊர் முழுக்கக் கேட்டது. இன்றும் அது தண்ணீருக்கு மேலே பறக்கும்போதெல்லாம் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். அது வேறு கதை.

கொக்கு, "அசையாம நிக்கணும், அதுதான் ரகசியம்" என்றது. "ஒத்தைக் கால்ல நின்னா இன்னும் விசேஷம்." காத்தாயி முழங்கால் தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்றாள். கால் மரத்துப்போகும் வரை நின்றாள். ஒரு வழியாகச் சந்தேகம் வந்து, "நீ எத்தனை கொடுவா பிடிச்சிருக்கே?" என்று கேட்டாள்.

"நானா? நான் விரல் அளவு மீன்தான் சாப்பிடறது. கொடுவாவை நான் பார்த்ததே இல்லையே" என்றது கொக்கு, துளியும் வெட்கமில்லாமல்.

சேற்றிலிருந்து நண்டு எட்டிப் பார்த்தது. "தோண்டிப் பாரு" என்றது.

"கொடுவா சேத்துக்குள்ள இருக்குமா?"

"இருக்காது. ஆனா தோண்டறது நல்லது."

காத்தாயிக்கு வந்த கோபத்தில் அதை அப்படியே பிடித்துச் சாறு வைத்திருப்பாள். மகள் கேட்டது நண்டுச்சாறு இல்லையே என்றுதான் விட்டாள். நண்டு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே, போகிற போக்கில் ஒன்று சொன்னது: "எல்லாரும் அவங்கவங்க சாப்பிடற இடத்தைத்தான் உனக்குச் சொன்னோம். கொடுவாவுக்கு எங்கேன்னு இடம் சொல்றது? நிக்கவே நிக்காத மீனுக்கு இடம் ஏது?"

அன்றைக்கு யாராவது உருப்படியாக ஒன்று சொன்னார்கள் என்றால் அது அந்த நண்டுதான். ஆனால் அதைக் கேட்டதும் காத்தாயி கழியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டாள். இடம் தெரியாவிட்டால் தேடலாம். இடமே இல்லையென்றால் எங்கே போய்த் தேடுவது?

வீட்டுக்குப் போகவும் மனம் வரவில்லை. வெறுங்கையோடு மகள் முகத்தில் எப்படி விழிப்பது? பாலத்தின் நடுவில் போய் உட்கார்ந்தாள். ஒரு இறாலைக் கோத்துத் தூண்டிலைக் கீழே தொங்க விட்டாள். மீன் வரும் என்றா விட்டாள்? கை பழகிவிட்டது, அவ்வளவுதான். கடல் ஏறும் நேரம். உப்புத் தண்ணீர் ஆற்றை நெட்டித் தள்ளிக்கொண்டு பாலத்துக்கு அடியில் சுழித்துப் போனது. காத்தாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த நேரத்தில் கடல் தெருப் பக்கமிருந்து நீலாயி வந்தாள். ஒரு கையில் மூடி போட்ட சட்டி. நடந்த வேகத்தில் சட்டிக்குள் ஏதோ தளும்பியது.

"மீன் கிடைச்சுதா சம்பந்தி?"

காத்தாயி இல்லையென்று தலையை ஆட்டினாள்.

நீலாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "கிடைக்கும். கிடைக்காம எங்க போயிடும்? நான் புளி கூடக் கரைச்சுக் கொண்டாந்துட்டேன் பாருங்க. மீன் விழுந்ததும் நேரமாக்காம அப்படியே கொதிக்க விட்டுடலாம்."

காத்தாயியின் அழுகை நின்றது.

"என்ன கரைச்சுக் கொண்டாந்தீங்க?"

"புளி."

"கொடுவாவுக்கா?"

"கொடுவாவுக்குத்தான். வேற எதுக்கு?"

"கொடுவாவுக்குப் போய் யாராவது புளி ஊத்துவாங்களா? மாங்காய் போடுவாங்க! நல்ல புளிச்ச மாங்காயா நாலு கீத்து போட்டா, மீனோட ருசி மீனுக்கே தெரியும்."

"மாங்காயைப் போட்டா அது குழம்பா? ஊறுகாயிலே மீன் விழுந்து கிடக்கற மாதிரி இருக்கும். கெட்டியாப் புளியைக் கரைச்சு, மல்லி வறுத்து அரைச்சு ஊத்திப் பாருங்க. மறுநாள் பழங்குழம்புக்கு அடிதடியே நடக்கும்."

"மறுநாள் வரைக்கும் மிஞ்சுதுன்னாலே அது நல்லா இல்லேன்னு அர்த்தம் சம்பந்தி!"

"எங்க தெருவுல கொடுவா தின்னு வளர்ந்தவ நான். எனக்கு வந்து கரையில நிக்கிறவங்க கொடுவா சொல்லித் தர்றதா?"

"அந்த அழகான மீனைப் புளியில முக்கி முக்கிக் கறுப்பாக்கினது உங்க தெருதான்!"

அழுகையை விடச் சண்டை அவர்களுக்குக் கைவந்த வேலை. இரண்டு பேருக்கும் முகத்தில் ரத்தம் ஏறிக் கொஞ்சம் தெம்பு கூட வந்துவிட்டது.

அவர்கள் காலுக்கு அடியில், ஏறுகிற தண்ணீரோடு ஒரு பெரிய கொடுவா பாய்ந்து போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறதென்று அதற்கே தெரியாது என்றுதான் முதலிலேயே சொன்னேனே. போகிற வழியில் தன் பெயர் காதில் விழுந்தது. 'கொடுவா' என்று ஒரு குரல். 'அழகான மீன்' என்று இன்னொரு குரல். தன்னைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது அதைக் காதில் வாங்காமல் தாண்டிப் போக யாரால் முடியும்? உங்களால் முடியுமா? என்னால் முடியாது. கொடுவாவாலும் முடியவில்லை. பிறந்து இத்தனை காலத்தில் முதல் தடவையாக அதற்கு நிற்க வேண்டும் போலிருந்தது.

ஆனால் எப்படி நிற்பது? தண்ணீர் தள்ளிக்கொண்டே இருந்தது. வாலை அடித்தது, துடுப்பை விரித்தது, ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. பதறிப்போய் ஒரு மரத்தூணுக்குப் பின்னால் திரும்பியது. அங்கே தண்ணீர் சோம்பலாகக் கிடந்தது. மேலே பாலத்தின் நிழல், ஓட்டத்தைத் தடுக்க முன்னால் தூண். வாலை லேசாக ஆட்டினாலே போதும், இருந்த இடத்திலேயே இருக்கலாம். 'அட, நிற்பது இவ்வளவு சுகமா!' என்று கொடுவாவுக்கு ஆச்சரியமாகிவிட்டது. முகத்தை மேலே தூக்கி வாயைப் பிளந்துகொண்டு கேட்கத் தொடங்கியது.

மேலே இருவரும் மூச்சு வாங்குவதற்காக ஒரு நொடி நிறுத்தினார்கள்.

"அப்புறம்?" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். தூணின் நிழலில், ஒரு முழ ஆழத்தில், கொடுவா! அதுவும் ஓடாத கொடுவா!

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றது கொடுவா. "எனக்கு எது நல்லா இருக்கும்? மாங்காயா, புளியா? அதை மட்டும் சொல்லிடுங்க, நான் கிளம்பிடுவேன். எனக்கு ஏகப்பட்ட வேலை இருக்கு."

நீலாயி வாயாடிதானே தவிர மனசு வெண்ணெய். மருமகளின் ஒட்டிய கன்னம் அவள் கண் முன்னால் வந்தது. இந்த நேரத்தில் போய்ச் சம்பந்தியோடு என்ன வழக்கு என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"சரி விடுங்க சம்பந்தி" என்றாள். "புள்ள உங்க வீட்டுல இருக்கா. உங்க இஷ்டப்படியே வைப்போம். நீங்க சொன்னதுதான் சரி. மாங்—"

'காய்' வெளியே வருவதற்குள் காத்தாயி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துப் பாருங்கள். கல்யாணத்து உப்பிலிருந்து இன்று வரை காத்தாயி ஒரு சண்டையிலும் ஜெயித்ததில்லை. தோற்றதும் இல்லை. முதன்முதலாக, கடல் தெரு நீலாயி தன் வாயாலேயே 'நீங்க சொன்னதுதான் சரி' என்கிறாள். அந்த வாயைத் தன் கையாலேயே அடைக்க வேண்டியிருந்தது. காத்தாயிக்கு நெஞ்சு வலித்தது என்றே சொல்லலாம். ஆனால் சொல்லிவிட்டால் கிளம்பிவிடுவேன் என்று மீன் சொன்னதை அவள் காதில் வாங்கியிருந்தாள். முடிவு தெரியாத வரைக்கும்தான் அது நிற்கும்.

"அதெப்படி சம்பந்தி அவ்வளவு சுலபமா விட்டுடறது?" என்றாள் உரக்க. "புளியிலயும் விஷயம் இருக்கே! நீங்க உங்க கட்சியை இன்னும் சரியா எடுத்தே சொல்லலையே!"

நீலாயி கண்ணை உருட்டினாள். சம்பந்திக்குப் புத்தி பிசகிவிட்டதா? காத்தாயி புருவத்தால் கீழே காட்டினாள். அவ்வளவுதான். நீலாயிக்கு விளக்கமெல்லாம் வேண்டியதில்லை. பொத்திய கையை விலக்கிவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்! புளின்னா சும்மாவா?" என்று தொடங்கினாள் பாருங்கள், பாலமே அதிர்ந்தது.

"ஏய், எல்லாரும் வாங்க! நம்மளப் பத்திப் பேசறாங்க!" என்று கொடுவா தன் இனத்தைக் கூப்பிட்டது. ஓடிக்கொண்டிருந்த கொடுவாக்கள் எல்லாம் திரும்பி வந்தன. முதலில் வந்தவை ஆளுக்கு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டன. தூண் தீர்ந்ததும் வந்தவை கரையோரப் பாறை இடுக்குகளில் ஒண்டின. அதற்கும் பிந்தி வந்தவை கட்டிப் போட்டிருந்த தோணியின் நிழலில் நெருக்கிக்கொண்டு நின்றன. எல்லாம் ஓட்டத்தைப் பார்த்து முகத்தை வைத்துக்கொண்டு, காதை மட்டும் மேலே கொடுத்தன. ஒரு கட்சி பேசும்போது "அதானே!" என்றன. மறு கட்சி பேசும்போதும் "அதானே!" என்றன.

நீலாயிக்குத் தொண்டை கட்டத் தொடங்கியது. காத்தாயி கீழே குனிந்தாள்.

"வாயால பேசித் தீராது போலிருக்கு. ரெண்டு விதமாவும் வச்சுப் பார்த்தாத்தான் முடிவு தெரியும். அதுக்கு உங்கள்ல ஒருத்தர் மேல வரணும்."

"நான் வரேன்!" "நான்!" "தள்ளு, நான்!" என்று கீழே ஒரே அமளி.

"முதல்ல நின்னது நான். நான்தான் போவேன்" என்றது பெரிய கொடுவா.

காத்தாயி தூண்டிலைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள். "வந்தா… திரும்பிப் போறது கஷ்டம்."

"பரவாயில்லை. முடிவு தெரியாம எனக்கு இனிமே ஓடவும் ஓடாது, தூங்கவும் வராது. என்ன செய்யணும் சொல்லு."

"வாயைத் திற."

அது திறந்துதான் இருந்தது. காத்தாயிக்கு அந்த மீனை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மகளின் வறண்ட உதடு நினைவுக்கு வந்ததும், இறாலும் முள்ளும் நேராக அந்த வாய்க்குள் இறங்கின.

காத்தாயி வீட்டு முற்றத்தில் இரண்டு அடுப்பு மூட்டினார்கள். மீனின் நடுவில் கோடு போட்டுப் பிரித்தார்கள். தலை யாருக்கு, வால் யாருக்கு என்பதில் ஒரு குட்டிச் சண்டை நடந்து, தலையையும் இரண்டாகப் பிளந்தார்கள். ஒரு சட்டியில் புளி கொதித்தது. இன்னொரு சட்டியில் மாங்காய் வெந்தது. வாசனை உள்ளே போன கொஞ்ச நேரத்தில், எழுப்பினாலும் எழாமல் கிடந்த செண்பகம் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே வெளியே வந்து உட்கார்ந்தாள்.

சோற்றில் ஒரு பக்கம் இந்தக் குழம்பு, மறுபக்கம் அந்தக் குழம்பு. முதல் கவளம் வாய்க்குள் போனது. இரண்டு தாய்மாரும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, குமட்டுமோ என்று பார்த்தார்கள். குமட்டவில்லை. இரண்டாவது போனது. மூன்றாவது போனது. அதற்கப்புறம் அவள் தலை நிமிரவே இல்லை. நீலாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். காத்தாயி அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

இலையில் சோறு தீர்ந்ததும் இருவருக்கும் பழைய குணம் திரும்பி வந்துவிட்டது.

"சொல்லும்மா" என்றாள் நீலாயி, குழைந்து. "எது நல்லா இருந்துச்சு?"

"அவ என்ன பயப்படவா போறா? உள்ளதைச் சொல்லுடி" என்றாள் காத்தாயி.

செண்பகம் அம்மாவைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். ஒருத்தி பெற்றவள். இன்னொருத்தி வீட்டில் இனிமேல் காலம் முழுக்க இருந்தாக வேண்டும். அவள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டுலயும் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, சொல்றேன்."

ஊற்றினார்கள். சாப்பிட்டாள்.

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. சரியா முடிவு சொல்லணும்னா நாளைக்கும் சாப்பிட்டுப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்து நிம்மதியாகத் தூங்கினாள். இரண்டு வாயாடிகளுக்கு நடுவில் வாழ வேண்டிய பெண்ணுக்குக் கடவுள் கொஞ்சம் கூடுதலாகவே புத்தியைக் கொடுத்திருந்தார்.

மறுநாள் காத்தாயி பாலத்துக்குப் போனாள். கொடுவாக்கள் எல்லாம் போய்விட்டிருக்கும் என்றுதான் நினைத்தாள். கீழே பார்த்தால், ஒன்று கூட அசையவில்லை. தூணுக்குத் தூண், பாறைக்குப் பாறை, நிழலுக்கு நிழல் அப்படியே நின்றன.

"என்ன முடிவாச்சு?" என்றன எல்லாம் ஒரே குரலில்.

"இன்னும் முடிவாகலை" என்றாள் காத்தாயி. அது சத்தியமான வார்த்தை என்பதால் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "இன்னைக்கும் சாப்பிட்டுத்தான் சொல்ல முடியுமாம்."

"போனவரு எங்கே?"

"அவரு… அந்த வேலையிலேயே இருக்காரு."

"இவ்வளவு நேரம் எடுக்குதுன்னா ரெண்டும் ரொம்ப நல்லா இருக்கு போல" என்று கொடுவாக்கள் பெருமையோடு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "சரி, உதவிக்கு இன்னொருத்தரை அனுப்பறோம்."

செண்பகம் பிள்ளை பெறும் வரைக்கும் முடிவு சொல்லவில்லை. பெண் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று பிறந்து, பிறந்த உடனே போட்ட சத்தத்தில் இரண்டு தெருவும் எழுந்து வந்தன. "என் குரல்!" என்றாள் காத்தாயி. "என் குரல்!" என்றாள் நீலாயி. அந்த வழக்கும் முடியவில்லை.

கொடுவாக்கள் நின்றுகொண்டே இருந்தன. தாங்கள் பேசிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து மேலே முடிவைச் சொல்லிவிட்டால் காதில் விழாமல் போய்விடுமே என்று பயந்து, முதலில் தங்களுக்குள் பேசுவதை நிறுத்தின. பிறகு மனிதரோடு பேசுவதையும் நிறுத்தின. கேட்டுக் கேட்டுத் தாடை மட்டும் கீழே இறங்கி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கொடுவாவின் முகத்தைப் பார்த்தால் இன்றைக்கும் "அப்புறம்?" என்று கேட்கிற மாதிரியே இருக்கும்.

ஆற்றுத் தெருக்காரர்களுக்குக் காத்தாயி தொழிலைச் சொல்லிக் கொடுத்தாள். "மீனைத் தேடாதீங்க. மேல ஆள் நின்னு பேசற இடமா பாருங்க. கீழ அது ஒண்டி நிக்க ஒரு தூணோ கல்லோ நிழலோ இருக்கான்னு பாருங்க. கடல் ஏறும்போது இறாலை இறக்குங்க. மத்தது தானா நடக்கும்." மரப்பாலம் போய்க் கல்பாலம் வந்தது, பிறகு சிமென்ட் பாலம் வந்தது. பட்டினம் எவ்வளவு பெரிதானதோ அவ்வளவு பேச்சும் பெருகியது. கொடுவாக்கள் பாலத்தடியையும் படகுத்துறையையும் விட்டு நகரவில்லை.

கரையில் தூண்டில் போடுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருப்பார்கள். அது பொறுமை என்று ஊர் நினைக்கிறது. வீட்டில் எந்தக் குழம்பு நன்றாக இருக்கும் என்பது வாய் தவறி வந்துவிடக்கூடாதே என்கிற கவலைதான் அது. "எந்த இடத்துலங்க கொடுவா நல்லா விழும்?" என்று கேட்டுப் பாருங்கள். "அதோ, அந்தப் பாலத்துக்கு அந்தாண்ட மூணாவது… சரி, நீங்க சாப்பிட்டாச்சா?" என்று பேச்சைப் பாதியிலேயே திருப்பிவிடுவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். எதையும் முழுசாகச் சொல்லி முடிப்பது அவர்கள் தொழிலுக்கே ஆகாது.

நான் எந்தக் கட்சி என்று கேட்கிறீர்களா? நானும் நாலு வீட்டில் தின்றவன்தான். எனக்குத் தெரிந்த வரையில் கொடுவாவுக்கு ஏற்றது… வேண்டாம். இதை நீங்கள் எந்தப் பாலத்தின் மேல் நின்று படித்துக்கொண்டிருக்கிறீர்களோ, யார் கண்டது?

அன்று முதல்தான், கொடுவா சமைத்த வீட்டில் எது நன்றாக இருந்தது என்று கேட்டால், சாப்பிட்டவர்கள் நிமிர்ந்து பார்க்காமல், "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, சொல்றேன்" என்கிறார்கள்.